எங்கூட்டுக்காரர் வாக்கிங் போன மூணு மாசம்

ஜன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க கண்ணு. நான் இந்தப் பக்கமே இருந்துக்கறேன். எனக்கு ஒரு எடத்துல உக்காந்தா இருப்புக் கொள்ளாது, எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருவேன். ஓசூருக்குத்தானுங்க போறீங்க? நானும் அங்கதான். சேலத்துலருந்து மூணரை மணி நேரம்னு கண்டக்டர் சொன்னாரு, நெசந்தானுங்களா? விடியறதுக்குள்ள உடுமலைல ஏறுனவ. திருப்பூர்ல மாறி, சேலத்துல மாறி, இன்னும் பாதி தூரம் இருக்குது.

என்ற மகன் ஓசூர்ல இருக்கறான். சசிதரன்னு பேரு. வண்டி பார்ட்ஸ் பண்ற கம்பெனில வேலை. பஸ் ஸ்டாண்டுக்கு வருவானா மாட்டானான்னு தெரியல. காலைல போன்ல அவங்கிட்ட ஒரு சங்கதி சொன்னேன். கேட்டான். கேட்டுப்போட்டு கட் பண்ணிட்டான். அப்பறம் நாலு தடவ கூப்பிட்டுட்டேன், எடுக்கல. அவனக் குத்தம் சொல்ல முடியாதுங்க. நான் சொன்ன சங்கதி அப்படி.

நான் பொதுவா அதிகம் பேசற ஆளில்லீங்க. எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. இன்னைக்கு என்னமோ யார்கிட்டயாவது சொல்லோணும்னு இருக்குது. நீங்க தூங்கறதுன்னா தூங்குங்க, ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன்.

எங்கூட்டுக்காரர் போயி நாப்பத்தோரு நாளாச்சு. மோட்டார் காயில் கட்டறவருங்க. 'சிகாமணி மோட்டார் வைண்டிங்'னு தாராபுரம் ரோட்டுல போர்டு இருக்கும். தெய்வசிகாமணின்னு முழுப்பேரு. மோட்டாருக்குள்ள செம்புக்கம்பி சுத்தியிருக்குமுங்க. கரண்டு கம்மியா வந்தாலோ, போர்ல தண்ணியில்லாம மோட்டார் வெறுமனே ஓடுனாலோ, அந்தக் கம்பி கருகிப்போகும். கருகுனதப் பிச்செடுத்துப்போட்டு, புதுக்கம்பி சுத்தி, வார்னிஷ் ஊத்திக் காயவெச்சுக் குடுக்கோணும். ஒரு காயிலுக்கு இத்தன சுத்துன்னு கணக்கு. ஒரு சுத்து கூடக்கூடாது, கொறையக்கூடாது. எண்ணிட்டிருக்கறப்ப யாரும் பேசக்கூடாதுங்க. என்ற மக மைதிலி நாலு வயசுலயே அப்பா உதடு அசையுதான்னு பாத்துட்டுத்தான் 'அப்பா'ன்னு கூப்புடுவா.

முப்பத்திநாலு வருசம். ஒரு நாளு உக்காந்து சோறு உண்டதில்லைங்க அந்த மனுசன். சித்திரை, வைகாசில பாக்கோணும். வெயிலுக்கு வரிசையா மோட்டாரெல்லாம் கருகும். "அண்ணா, வாழை காஞ்சுபோகும்ணா"ன்னு எவனாச்சும் வாசல்ல வந்து நின்னாப் போதும், பெசஞ்ச சோத்த அப்படியே வெச்சுப்போட்டு எந்திரிச்சுருவாரு. "உண்டுபோட்டுப் போங்க, வாழை ஒரு மணி நேரம் பொறுக்கும்"பேன். "வாழை பொறுக்கும் ருக்கு, அவன் பொறுக்கமாட்டான், மொகத்தப் பாரு"ம்பாரு.

மைதிலி கல்யாணத்துல என்ன பண்ணுனாரு தெரியுங்களா? ரிசப்சன் அன்னைக்கு மண்டபத்துல தண்ணி வரல, மோட்டார் போயிருச்சு. மண்டபத்துக்காரங்க மெக்கானிக்குக்குப் போன் போட்டிருக்கறாங்க. இவரு கேட்டுட்டாரு. பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு உள்ள எறங்கிட்டாருங்க. மாப்பிளை ஊட்டுக்காரங்க வர்ற நேரம், பொண்ணோட அப்பன் மோட்டார் ரூம்லருந்து நனஞ்சு வெளிய வாராரு. கையெல்லாம் கிரீஸ். அந்தக் கையோட சம்பந்திக்குக் கும்புடு வேற. ஒரு வருசம் நான் அதச் சொல்லிச் சொல்லித் திட்டியிருப்பேன். அவரு "தண்ணி வந்துச்சா இல்லியா"ன்னு ஒரே ஒரு தடவ கேட்டாரு.

அதுக்காகக் குடும்பத்தப் பாக்காதவருன்னு நெனச்சுப்போடாதீங்க. சசி பொறந்தப்ப எனக்கு ஆப்ரேசன் பண்ணி ஆஸ்பத்திரில பத்து நாளு. மைதிலி அப்ப யூகேஜி. அவளுக்குத் தலைமுடி இடுப்பு வரைக்கும். யாரு சடை போடுவா? இவருதான் போட்டாரு. ரெட்டைச் சடை. கம்பி சுத்தற விரலு பாருங்க, அத்தன கட்டு, அத்தன நேர். ஒரு முடி வெளிய வராது. டீச்சர் புள்ளைகிட்ட "உங்கம்மா நல்லா சடை போடறாங்களே"ன்னாங்களாம். நான் ஊட்டுக்கு வந்து போட்டப்ப, மைதிலி கண்ணாடில பாத்துட்டு அழுகறா, அப்பா போடற மாதர இல்லைன்னு.

இது என்ன ஊருங்க? தொப்பூரா? மலை தெரியுது. செரி செரி.

பங்குனில ஒரு நாளு கடையில மோட்டாரத் தூக்கறப்ப நெஞ்சு வலிச்சிருக்குது. தூக்குனத எறக்கி வெச்சுப்போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரா? இல்ல. பாதி சுத்துன காயில முடிச்சு, கடையப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகி, நடந்து ஊட்டுக்கு வந்து, "ருக்கு, நெஞ்சு என்னமோ பண்ணுது"ங்கறாரு. எப்ப இருந்துன்னு கேட்டா, "இருவத்தெட்டு சுத்து பாக்கி இருந்துச்சு"ங்கறாரு. அந்நேரத்துல எனக்குச் சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல. கோயமுத்தூருக்குக் கொண்டுபோயி, ஸ்டென்ட்டு வெச்சு, எட்டாம் நாளு கூட்டிட்டு வந்தோம். டாக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. மூணு மாசம் ஒரு வேலையும் பாக்கக்கூடாது. வெயிட்டு தூக்கக்கூடாது. கொஞ்ச நாளு கழிச்சு காலைலயும் சாயந்தரமும் வாக்கிங் போகலாம்.

சசி கடைச் சாவிய ஓசூருக்கே எடுத்துட்டுப் போயிட்டான். அவரு செல்போன நான் அரிசி டிரம்முக்குள்ள போட்டு வெச்சேன். அரிசிக்குள்ளருந்து கெணுகெணுன்னு மணி அடிக்கும். அவரு காதத் தீட்டிக் கேப்பாரு. நான் டிவி சத்தத்தக் கூட்டுவேன்.

எப்படி இருந்தாருங்கறீங்க அந்த ஒரு மாசம்? கட்டல்ல உக்காருவாரு. எந்திரிப்பாரு. ஃபேன் சத்தம் செரியில்லைன்னு அத அண்ணாந்து பாப்பாரு. எங்கூட அடுக்களைல உக்காந்து பட்டாணி உரிப்பாரு, உரிச்சதச் சோடி சோடியா அடுக்குவாரு. ஒரு நாளு பாக்கறேன், என்ற தையல் மிசின் நூல எடுத்து நாலு விரல்ல சுத்திட்டிருக்கறாரு. உதடு அசையுது. நான் பாத்ததும் நூல வெச்சுட்டாரு. சிரிப்பே இல்ல. ஒரு மாசமா மொகத்துல சிரிப்பே இல்ல.

ஆனா எனக்கு, சொன்னாத் தப்பா நெனைக்கக்கூடாது, எனக்கு நல்லா இருந்துச்சுங்க. கல்யாணமாயி முப்பத்திநாலு வருசத்துல மத்தியானம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து உண்டது அப்பத்தான்.

வைகாசில வாக்கிங் ஆரம்பிச்சாரு. வெள்ளை ஷூ நாந்தான் வாங்கிக் குடுத்தேன். கிரவுண்டுல போயி நடக்கறேன்னு காலைல ஆறு மணிக்குப் போவாரு, எட்டு மணிக்கு வருவாரு. சாயந்தரம் நாலுக்குப் போனா ஏழு. ஒரு வாரத்துல மொகமே தெளிஞ்சுருச்சு. நல்லாப் பசிக்குதுன்னாரு. "இன்னைக்கு எத்தன சுத்து நடந்தீங்க"ன்னு கேப்பேன். "அறுவத்திநாலு"ம்பாரு. மக்யா நாளு "நாப்பத்திரெண்டு"ம்பாரு. அத்தாப்பெரிய கிரவுண்ட எப்படிங்க அறுவத்திநாலு சுத்து சுத்த முடியும்? எனக்கு அது மண்டையில ஏறவே இல்ல. பக்கத்தூட்டுலயெல்லாம் பெருமையாச் சொன்னேன்.

ஆனியில திருப்பிக் கோயமுத்தூர் செக்கப்பு. அவர ஈசிஜி எடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, நான் மட்டும் டாக்டர் முன்னாடி உக்காந்திருக்கறேன். டாக்டர் ரிப்போட்டப் பாத்துப்போட்டு, "ரொம்ப நல்லா இருக்குதும்மா. இனிமே லேசான வேலை பாக்கலாம். கனமானதத் தூக்காம, உக்காந்து பாக்கற வேலைன்னாத் தாராளமாப் பாக்கலாம்"னாரு. செரிங்கன்னு வந்துட்டேன்.

வெளிய வந்து "என்ன சொன்னாரு"ன்னு கேட்டாரு. "இன்னும் மூணு மாசம் கண்டிப்பா ரெஸ்ட்டு எடுக்கோணுமாம்"னுட்டேன்.

அது எப்படி வாயில வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவரு நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். ஒரு தடவ கடையத் தொறந்துட்டாருன்னா லேசான வேலையோட நிறுத்துவாரா அவரு? மத்தியானம் ஊட்டுக்குத்தான் வருவாரா? நீங்களே சொல்லுங்க. "செரி"ன்னாரு.

அதுக்கப்பறம் ஒரு வாரம் இருக்கும். சட்டை தொவைக்க எடுக்கறேன், வார்னிஷ் வாசம். கேட்டேன். "முப்பத்திநாலு வருசமாத் தோலுல ஊறுன வாசம், அவ்ளோ சீக்கிரம் போகுமா"ன்னாரு. அதுவும் செரின்னுதான் நெனச்சேன். நான் சந்தேகப்படற பொம்பளை இல்லீங்க. ஆனா ஷூவத் திருப்பிப் பாத்தேன். கிரவுண்டு பூராச் செம்மண்ணு. ஷூ அடியில ஒரு பொட்டுச் செவப்பு இல்ல. சாயந்தரம் அவரு பின்னாலயே போனேன். சந்தேகப்பட்டு இல்ல, சும்மா காய் வாங்கப் போற மாதர கூடையெடுத்துட்டு.

கிரவுண்டுப் பக்கமே திரும்பலைங்க. நேரா மார்க்கெட் சந்துக்குள்ள போறாரு. அங்க எந்தக் கடைங்கறீங்க? ஜமால் பாய் கடை!

ஜமால் பாயும் காயில் கட்டறவருதான். ரெண்டு பேருக்கும் பதினாறு வருசமாப் பேச்சு வார்த்த கெடையாது. இவரு கட்டுன மோட்டார் ஒண்ணு பத்தே நாள்ல கருகி பாய் கடைக்குப் போச்சாம், பாய் அதத் தொறந்து பாத்துட்டு "எந்த ஆளு இதக் கட்டுனது"ன்னு சிரிச்சாராம். அவ்வளவுதான். கல்யாணம் காச்சின்னா ஒருத்தர் முன்வரிசைன்னா ஒருத்தர் பின்வரிசை.

எதுத்தாப்பல உரக்கடை. மூட்ட அடுக்கியிருந்துச்சு, அதுக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். எங்கூட்டுக்காரர் முக்காலில உக்காந்து கம்பி சுத்தறாரு. ஜமால் பாய் கம்பி உருளையப் புடிச்சுட்டு நிக்கறாரு. இவரு உதடு அசையுது. நடுவுல ஒரு தடவ தலையத் தூக்குனாரு, பாய்கிட்ட என்னமோ சொன்னாரு, சொல்லிட்டுச் சிரிச்சாருங்க. அத்தன பல்லும் தெரியச் சிரிச்சாரு. பங்குனிக்கப்பறம் அன்னைக்குத்தான் அந்தச் சிரிப்பப் பாக்கறேன். அவரு என்னையப் பாத்திருக்கமாட்டாருன்னு நெனச்சேன். வேலைல உக்காந்தாருன்னா பக்கத்துல இடி உழுந்தாலும் தெரியாது அவருக்கு.

போயி ரெண்டு பேரையும் நாலு கேள்வி கேக்கோணும்னுதான் நின்னேன். ஆனா அந்தச் சிரிப்பு மொகத்தப் பாத்துட்டு எப்படிக் கேக்கறது? திரும்பி ஊட்டுக்கு வந்துட்டேன். வந்தாரு. "எத்தன சுத்து"ன்னேன். "அம்பத்தாறு"ன்னாரு. "செரி, கை கழுவிட்டு வாங்க"ன்னேன். அதுக்கப்பறம் ஆறு வாரம். தெனமும் கேப்பேன், தெனமும் சொல்லுவாரு.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க. என்ற பாட்டில் மேல பையில மாட்டிட்டுது.

ஆடி மாசம் ஒரு ஞாயித்துக்கெழமை. சாயந்தரம் ஷூ போட உக்காந்தாரு. காலைல மழைன்னு வாக்கிங் போகல, அப்பவும் லேசாத் தூறல். "இன்னைக்கு ஒரு நாளு போகவேண்டாமே"ன்னேன். தூறல்தான் காரணம்னு சொன்னேன். ஆனா அதில்லீங்க. என்னமோ அன்னைக்கு அவரு ஊட்டுல இருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. போட்ட ஒத்த ஷூவக் கழட்டி வெச்சுப்போட்டு சேர்ல உக்காந்தாரு. சித்த நேரம் மழையப் பாத்துட்டு இருந்தாரு. அப்பறம், "ருக்கு, இங்க வா. உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்"னாரு.

எனக்குத் தெரியும் என்ன சொல்லப்போறாருன்னு. பாய் கடைக்குப் போறதச் சொல்லப்போறாரு. சொல்லிட்டாருன்னா நானும் டாக்டர் சொன்னதச் சொல்லோணும். இல்லாட்டிப் போகக்கூடாதுன்னு தடுக்கோணும். ரெண்டுக்கும் எனக்கு மனசில்ல. "இருங்க, டீ போட்டுக் கொண்டாரேன், குடிச்சுட்டுச் சொல்லலாம்"னு அடுக்களைக்குப் போயிட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன். வேணும்னேதான் மெதுவாப் போட்டேன். கொண்டு வந்து பாக்கறேன்...

தலை ஒரு பக்கமாச் சாஞ்சிருந்துச்சு.

அவரு வேலைக்குப் போகாத ஒரு நாளுங்க அது. நான் போகவேண்டாம்னு சொன்ன ஒரே நாளு.

சாவுக்கு ஜமால் பாய் மாலையோட வந்தாரு. கூட வந்த ஒருத்தர், "நேத்துக்கு மொத நாளு கூட எங்க கடையில உக்காந்து கட்டுனாருங்களே"ன்னு சொல்லிட்டாரு. சசி காதுல உழுந்துருச்சு. அத்தன சனத்து முன்னாடி எந்திரிச்சு, "எங்கப்பன உக்காத்தி வெச்சு வேலை வாங்கிக் கொன்னுபோட்டீங்களே! டாக்டர் வேண்டாம்னு சொன்னது உங்களுக்குத் தெரியாதா? எத்தன வருசப் பகைய்யா இது"ன்னு கத்தறான். மாலையப் புடுங்கி மதில்சொவத்து மேல வெச்சுட்டான். பாய் தலையக் குனிஞ்சுட்டு நின்னாரு. அப்பறம் திரும்பி நடந்து போயிட்டாரு.

நான் அங்கயேதான் உக்காந்திருந்தேன். அவரு தலைமாட்டுல. டாக்டர் வேலை பாக்கலாம்னு சொன்னது எனக்குத் தெரியும். பாய் கடைக்குப் போறது எனக்குத் தெரியும். உசுரு போனது ஊட்டுச் சேர்ல, பாய் கடையில இல்ல, அதுவும் எனக்குத் தெரியும். வாயத் தொறக்கலைங்க. அழுதுட்டிருந்தேன். அழுகறவளை யாரு என்ன கேப்பாங்க?

நாப்பது நாளா ஒரு வாய் சோறு செரியா எறங்கல. சசி "இங்க வந்துரும்மா"ன்னு தெனமும் கூப்புடறான். அங்க போனா அவன் மொகத்தப் பாத்துட்டு எப்படி இருப்பேன்? நேத்து ஒரு முடிவோட கெளம்பி பாய் கடைக்குப் போயிட்டேன். என்னையப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுட்டாரு. பயந்துதான் போனாரு பாவம்.

"பாய், என்ற மகன் அன்னைக்குப் பேசுனதுக்கு நான் மன்னிப்புக் கேக்க வந்தேன். அவரு இங்க வர்றது எனக்கு முன்னாடியே தெரியும். டாக்டரும் வேலை பாக்கலாம்னு சொல்லிட்டாரு. நாந்தான் யாருகிட்டயும் சொல்லல"ன்னேன்.

பாய் முக்காலிய எம்பக்கம் நகத்திப் போட்டாரு. அப்பறம் மெதுவா, "உக்காரு தங்கச்சி. உனக்குத் தெரியும்னு எங்களுக்கும் தெரியும்மா"ங்கறாரு.

எனக்கு ஒண்ணும் புரியல. அவருதான் சொன்னாரு. "மொதல்ல மூணு நாளு எதுத்தாப்பல நின்னு என்ற கடையப் பாத்துட்டே இருந்தாரு. எனக்கு மனசு கேக்கல. நாலாம் நாளு முக்காலியத் தூக்கி வாசப்பக்கம் போட்டேன். வந்து உக்காந்துட்டாரு. 'கம்பி என்ன கேஜு'ன்னு கேட்டாரு. பதினாறு வருசத்துக்கப்பறம் எங்கிட்டப் பேசுன மொத பேச்சு அதான். அப்பறம் ஒரு நாளு சுத்திட்டே இருந்தவரு டக்குனு நிறுத்திட்டாரு. எண்ணிக்கை உட்டுப்போச்சு. அவருக்கு எண்ணிக்கை உட்டு நான் பாத்ததே இல்ல. 'பாய், திரும்பிப் பாக்காதீங்க, எங்கூட்டுக்காரி உரமூட்டைக்குப் பின்னாடி நிக்கறா'ன்னாரு. நான் பதறிப்போயி, கூப்புடட்டுமான்னேன். 'வேண்டாம் பாய், அவ வந்து பேச ஆரம்பிச்சான்னா இன்னைக்கு இந்த மோட்டார் முடியாது'ன்னு சொல்லிப்போட்டு அப்படிச் சிரிச்சாரு தங்கச்சி. அப்பறம் ஒண்ணுலருந்து திருப்பி எண்ணுனாரு."

பாத்துக்குங்க. நான் அதிகம் பேசறவளாம்! கடைக்கு நடுவுல உக்காந்துட்டு நானும் சிரிக்கறேன், அழுகையும் வருது. பாய் மொகத்தத் திருப்பிட்டு நின்னாரு.

ஆறு வாரம் அவருக்கும் தெரிஞ்சிருக்குது, எனக்கும் தெரிஞ்சிருக்குது. அப்ப அந்த ஞாயித்துக்கெழமை என்னத்தச் சொல்லக் கூப்பிட்டாரு? பாய் கடைச் சங்கதின்னா அதுதான் எனக்குத் தெரியும்னு அவருக்கே தெரியுமே. வேற என்ன? ராத்திரி பூரா யோசிச்சேன். இப்பவும் யோசிச்சுட்டேதான் வாரேன். போயிட்டாரு, இனி யாருகிட்டப் போயிக் கேக்கறது?

கிருஷ்ணகிரி தாண்டிட்டமா? எப்பத் தாண்டுச்சு? நான் பாக்கவே இல்ல பாருங்க.

காலைல உடுமலை பஸ் ஸ்டாண்டுல நின்னுட்டு சசிக்குப் போன் போட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, நான் மறைச்சது, பாய் மேல ஒரு தப்பும் இல்லாதது. அவன் கேட்டுட்டே இருந்தான். கடைசில, "அத்தன பேர் முன்னாடி நான் அவரப் பேசறப்ப நீ பாத்துட்டு உக்காந்திருந்தியேம்மா"ன்னான். கட் பண்ணிட்டான். வேற எதையும் கேக்கல. திட்டியிருந்தாலும் தேவலைங்க. நான் பஸ்ஸேறாமத் திரும்பியிருக்கலாம். ஊட்டச் சாத்திட்டு உள்ளயே இருந்திருக்கலாம். ஆனா ஏறிட்டேன். வந்தா வரட்டும், வராட்டி அட்ரஸ் வெச்சிருக்கறேன், ஆட்டோ புடிச்சுப் போயி வாசல்ல நிப்பேன். உள்ள கூப்புடறவரைக்கும் நிப்பேன். எனக்கு நிக்கறதுக்கு நல்லா வரும்.

பஸ் ஸ்டாண்டா இது? இத்தனக் கூட்டமா? கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க கண்ணு, எனக்குத் தூரத்துல செரியாத் தெரியாது. கொஞ்சம் ஒல்லியா, கண்ணாடி போட்டிருப்பான். இல்லீங்களா? அந்தப் பக்கம்? வேலை நேரம், லீவு போட்டிருக்கமாட்டான். செரி உடுங்க. அந்தப் பைய மட்டும் எறக்கிக் குடுங்க.

இருங்க, இருங்க. இந்தா, பக்கத்துத் தூணுகிட்ட. ஆபீஸ் சட்டையோடவே வந்திருக்கறான். சேவிங் கூடப் பண்ணல. கண்ணெல்லாம் வீங்கியிருக்குதுங்களே... பஸ்ஸு நிக்கறதுக்குள்ளயே பஸ்ஸு கூடவே நடந்து வாரான் பாருங்க, ஒவ்வொரு ஜன்னலா எட்டிப் பாத்துட்டு. சசீ! இங்க, இந்தப் பக்கம்! வழி உடுங்க கண்ணு, நான் எறங்கோணும்.